அது பஞ்சு இல்லீங்க

போன மாசம் வீடு மாத்தினேன். பெருங்குடியில ரெண்டு நண்பர்களோட பங்கு போட்டுக் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு வேளச்சேரி பக்கம் வந்தாச்சு. சாமான் எல்லாம் வண்டியில ஏத்தின பிறகு பால்கனியில மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிமெண்டுத் தொட்டி. அம்மா ஊர்லேருந்து வந்திருந்தப்ப வாங்கி வச்சுட்டுப் போன ரோஜாச் செடி அதுல இருந்தது. இருந்ததுன்னா, ஒரு காலத்துல. செடி செத்து ரொம்ப நாளாச்சு. வெறும் மண்ணை எதுக்குத் தூக்கிட்டு அலையணும்னு தொட்டியைக் கவிழ்த்தேன்.

மண்ணோட சேர்ந்து கொட்டினது என்னோட பழைய பாவம். சிகரெட் பஞ்சு. ஒண்ணு ரெண்டு இல்லீங்க. உக்காந்து எண்ணினேன் (பொட்டி தட்டுறவனுக்கு எதையும் எண்ணாம இருக்க முடியாது), மொத்தம் 61.

நான் தம்மை விட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி ராத்திரி கால் முடிஞ்சு பால்கனியில நின்னு ஊதிட்டு, ஆஷ்ட்ரே வாங்கினா அம்மா வர்றப்ப மாட்டிக்குவோம்னு, தொட்டி மண்ணுலயே குத்தி அணைச்சுப் புதைச்சுடுவேன். மூணு மழைக்காலம் போயிருக்கு. சுத்தியிருந்த காகிதம் மக்கிப் போச்சு, ஒட்டியிருந்த புகையிலை போச்சு. பஞ்சு மட்டும் அப்படியே இருக்கு. ஒண்ணை எடுத்துக் குழாயில கழுவிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை நூல் தெரிஞ்சுது. பஞ்சு இவ்வளவு நாள் மண்ணுல மக்காம இருக்குமா? பழைய பனியனைத் தோட்டத்துல புதைச்சு வச்சா ஒரு வருஷத்துல கந்தலாயிடுமே?

இந்தச் சந்தேகத்துல ஆரம்பிச்சுப் பத்து நாள் ராத்திரி தூக்கம் கெட்டுப் படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. சிகரெட் உடம்புக்குக் கெடுதல்னு நான் கிளாஸ் எடுக்கப் போறதில்லை. அது பாக்கெட்டுலயே படத்தோட போட்டிருக்கு.

முதல் விஷயம், அது பஞ்சே இல்லை. எங்க தாத்தா காலத்து ஆளுங்க 'பஞ்சு வச்ச சிகரெட்'டுன்னு சொல்லிச் சொல்லி நம்ம மண்டையிலயும் அது பஞ்சாவே பதிஞ்சு போச்சு. நிஜத்துல அது செல்லுலோஸ் அசிடேட்ங்கற ஒரு பிளாஸ்டிக். மரக்கூழ்ல இருக்கிற செல்லுலோஸை எடுத்து, அசிட்டிக் அன்ஹைட்ரைடோட வினை புரிய வச்சு, நூலா இழுக்கறாங்க. ஒரு ஃபில்டருக்குள்ள இந்த மாதிரி மெல்லிய இழைகள் 12,000க்கும் மேல இருக்கு. மூலப்பொருள் மரம்ங்கறதால "இயற்கைப் பொருள்தானே, மக்கிடும்"னு ஒரு வாதம் ரொம்ப நாளா ஓடுது. மண்ணுல இருக்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுலோஸைத் திங்கும், உண்மைதான். ஆனா அந்தச் சங்கிலி முழுக்க அசிடேட் குழுக்களை ஒட்ட வச்சுட்டா, அதோட நொதிகளுக்குக் கடிக்க இடம் கிடைக்காது. முதல்ல அசிடேட் கழண்டாகணும், அப்புறம்தான் சாப்பாடு. அதுக்கு வருஷக்கணக்குல ஆகும். வெயில் பட்டா உடைஞ்சு துணுக்காகும். அப்படித் துணுக்காகறதை மக்கறதுன்னு சொல்ல முடியாது.

இந்தப் பொருளோட ஜாதகம்தான் ரொம்ப சுவாரசியம். 1865இல் பிரான்சு வேதியியலாளர் பால் ஷூட்சன்பெர்ஜெ முதல்ல இதைத் தயாரிச்சார். ரொம்ப நாள் யாரும் சீண்டலை. அப்புறம் சினிமா வந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரோ செல்லுலோஸ்ல செஞ்சது. துப்பாக்கி மருந்துக்குத் தூரத்துச் சொந்தம், பத்திக்கிட்டா தண்ணி ஊத்தியும் அணையாது. அதுக்கு மாத்தா, சட்டுனு தீப்பிடிக்காத 'பாதுகாப்புப் பட'ச்சுருளுக்கு அசிடேட்டைப் பிடிச்சாங்க. இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தோட பாசெல் ஊர்ல கமீய், ஆன்றி ட்ரைஃபுஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் இதே பொருளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. முதல் உலகப்போர் வந்துது. அப்போ விமானத்தோட இறக்கைங்கறது மரச்சட்டத்து மேல இழுத்துக் கட்டின துணி. அந்தத் துணி விறைப்பா நிக்க மேல ஒரு பூச்சு வேணும், அது தீப்பிடிக்கவும் கூடாது. அண்ணன் தம்பியை பிரிட்டிஷ் அரசாங்கம் கூப்பிட்டு, டெர்பி பக்கத்துல ஸ்பாண்டன்ல ஆலை போட வச்சுது. போர் முடிஞ்சுது, விமானப் பூச்சு வாங்க ஆள் இல்லை. கையில ஆலை இருக்கு, பொருள் இருக்கு. என்ன பண்றது? நூலா இழுத்து 'செலனீஸ்'ங்கற பேர்ல செயற்கைப் பட்டுன்னு வித்தாங்க. விமான இறக்கை பாவாடையாச்சு.

அமெரிக்காவுல கோடாக் கம்பெனி 1920இல் டென்னசி மாநிலம் கிங்ஸ்போர்ட்ல ஒரு ஆலை ஆரம்பிச்சிருந்தது, படச்சுருளுக்கு வேண்டிய ரசாயனங்களுக்காக. அவங்களும் பின்னாடி அசிடேட் நூல்ல இறங்கினாங்க. 1950கள்ல நைலானும் பாலியெஸ்டரும் வந்து துணிச் சந்தையில அசிடேட்டை முழங்கையால இடிக்க ஆரம்பிச்ச அதே நேரம், இவங்களுக்கு ஒரு புது வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினார். சிகரெட் கம்பெனி.

அவர் ஏன் வந்தார்ங்கறதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். (கொசுவத்தி சுத்திக்கோங்க.)

அதுவரைக்கும் சிகரெட்டுக்கு ஃபில்டர்ங்கறது ஒரு பந்தா சமாச்சாரம். 1925இல் ஹங்கேரிக்காரர் போரிஸ் ஐவாஸ் சுருக்கக் காகிதத்தை வச்சு ஒரு ஃபில்டருக்குக் காப்புரிமை வாங்கினார். புகையிலைத் தூள் உதட்டுல ஒட்டாம இருக்க முனையில தக்கை வச்ச சிகரெட்டெல்லாம் அதுக்கு முன்னாடியே உண்டு. 1924இல் வந்த மார்ல்பரோ பெண்களுக்கான சிகரெட்டு! லிப்ஸ்டிக் கறை தெரியாம இருக்க முனை சிவப்பு. குதிரையும் தொப்பியுமா ஒரு ஆள் கம்பீரமா நிப்பாரே, அவர் வந்தது 30 வருஷம் கழிச்சு. ஆம்பளைங்க ஃபில்டர் சிகரெட்டைக் கையால தொடமாட்டாங்க. 1950இல் அமெரிக்காவுல வித்த சிகரெட்ல நூத்துக்கு ஒண்ணுகூட ஃபில்டர் வச்சது இல்லை.

அதே 1950இல்தான் வெடி வெடிச்சுது. இங்கிலாந்துல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில். அமெரிக்காவுல எர்ன்ஸ்ட் வைண்டர், எவர்ட்ஸ் கிரஹாம். ரெண்டு கோஷ்டியும் தனித்தனியா நோயாளிகளைக் கணக்கெடுத்து, நுரையீரல் புத்துநோய்க்கும் சிகரெட்டுக்கும் முடிச்சு இருக்குன்னு எழுதினாங்க. 1952 கடைசியில ரீடர்ஸ் டைஜஸ்ட் அதைச் சாமானியனுக்குப் புரியற மாதிரி போட்டு உடைச்சுது. 1953இல் வைண்டர் குழு சிகரெட் தாரை எடுத்து எலிங்க முதுகுல தடவிக்கிட்டே வந்ததுல 44 சதவீத எலிகளுக்குப் புத்துநோய்க் கட்டி. டிசம்பர் மாசம் கம்பெனித் தலைங்க நியூயார்க் பிளாசா ஹோட்டல்ல கூடிப் பேசினாங்க. 1954 ஜனவரி 4ஆம் தேதி நானூத்துச் சொச்சம் பத்திரிகைகள்ல ஒரே விளம்பரம்: எங்க பொருள் கெடுதல்னு நாங்க நினைக்கலை, இருந்தாலும் உங்க ஆரோக்கியம்தான் எங்களுக்கு முக்கியம், ஆராய்ச்சிக்கு உதவுறோம்ங்கற ரீதியில.

பத்திரிகையில இது. கடையில? ஃபில்டர். 1960 வாக்குல அமெரிக்காவுல விக்கிற சிகரெட்ல பாதிக்கு முனையில வெள்ளையா ஒண்ணு முளைச்சிருந்தது. பத்தே வருஷத்துல நூத்துல ஒண்ணுக்கும் கீழேருந்து பாதி! பயந்து போய் விடலாமான்னு யோசிச்சவனை, "இதுக்கு மாறிக்கோ, போதும்"னு பிடிச்சு நிறுத்தின கதை அது.

இதுல ஒரு கொடுமை கென்ட். 1952இல் 'மைக்ரோநைட்'னு பேர் வச்சு, அறிவியல் அதிசயம்னு விளம்பரம் பண்ணின ஃபில்டர். உள்ளே இருந்தது நீல ஆஸ்பெஸ்டாஸ். ஆமாங்க, ஆஸ்பெஸ்டாஸ் வகைகள்லயே படுமோசமானது. உயிருக்குப் பாதுகாப்புன்னு நம்பி அதை வாயில வச்சு இழுத்திருக்காங்க. 1956இல் சத்தம் போடாம எடுத்துட்டாங்க, அதுக்குள்ள ஆயிரம் கோடிக்கும் மேல சிகரெட் வித்து முடிஞ்சிருந்தது.

என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சது இன்னொரு ஆள். கிளாட் டீக். ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியோட வேதியியலாளர். 1953இல் அவர் எழுதின உள் குறிப்பு ஒண்ணு, 1990கள்ல நடந்த வழக்குகளுக்கு அப்புறம் லட்சக்கணக்கான பக்கங்களோட சேர்ந்து பொதுவுக்கு வந்தது, இணையத்துலயே படிக்கலாம். அவர் யோசனை இது: புகை பட்டா நிறம் மாறுற ஒரு பொருளை ஃபில்டர்ல சேர்ப்போம். பிடிச்சு முடிச்சவன் பார்த்தா வெள்ளை பழுப்பாகியிருக்கும், "அடேங்கப்பா, இவ்வளவு அழுக்கைப் பிடிச்சிருக்கே"ன்னு நினைப்பான். வடிகட்டுற திறன் இதனால கூடப்போறதில்லைங்கறதையும் அவரே எழுதறார். விற்பனைக்கு நல்லதுங்கறதையும் அவரே எழுதறார்.

சாஃப்ட்வேர்காரங்களுக்கு இது உடனே புரியும். பின்னாடி ஒண்ணுமே ஓடாதப்ப கஸ்டமர் திருப்திக்கு ஒரு ப்ரோக்ரெஸ் பார் ஓட விடுவோமே, அது. நானே ஒரு தடவை எழுதியிருக்கேன். அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்து நானும் பல தடவை நினைச்சதுண்டு, நல்லவேளை இதெல்லாம் உள்ளே போகலைன்னு.

ஃபில்டர் எதையுமே பிடிக்காதுன்னு சொல்ல வரலை. மெஷின்ல வச்சு உறிஞ்சினா தார் அளவு குறைவாத்தான் காட்டும். அதுவும் ஃபில்டரைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போட்டு, காத்தைக் கலந்து புகையை நீர்க்க வச்சா இன்னும் குறையும். மெஷின் அந்த ஓட்டையை மூடாது. மனுஷன் விரலாலயும் உதட்டாலயும் மூடுவான். நிக்கோட்டின் பத்தலைன்னா ஆழமா இழுப்பான், கூட ரெண்டு இழுப்பு இழுப்பான். புகை நுரையீரலோட கடைக்கோடி வரைக்கும் போகும். 2014இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை, 1950களுக்கு அப்புறம் சிகரெட்டோட வடிவமைப்புல வந்த மாற்றங்களால புகைக்கிறவங்களுக்கு நுரையீரல் அடினோகார்சினோமா ஆபத்து கூடியிருக்குன்னு சொல்லுது. காத்தோட்ட ஃபில்டரும் அந்தச் சந்தேகப் பட்டியல்ல இருக்கு. சுருக்கமா, பிடிக்கிறவனுக்குப் பைசா பிரயோஜனம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு, எழுபது வருஷமா உலகத்துல கிட்டத்தட்ட எல்லா சிகரெட்லயும் ஒட்டிக்கிட்டு வருது. பிடிக்கிறது அஞ்சு நிமிஷம்.

இந்த இடத்துல எங்க ஊர் ஞாபகம் வராம இருக்காது. அம்மா வழி ஊர் திருநெல்வேலி பக்கம். எங்க ஆச்சி பீடி சுத்தினவ. மடியில சுளகு, கையில கத்தரி, அளவுக்கு ஒரு தகரம். இலையை அளவா வெட்டி, தூளை வச்சு, உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கிற வரைக்கும் கண்ணே தேவைப்படாது அவளுக்கு, வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிட்டிருக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. தாத்தா அதே பீடியைத்தான் குடிப்பார். வளவு பூரா துண்டு பீடி கிடக்கும். ஒரு மழை பெஞ்சு நாலு நாள் வெயிலடிச்சா அந்த இலை இருந்த இடம் தெரியாது. இலைதானே. தாத்தாவும் இருமி இருமி அறுபது வயசு தாண்டாமப் போய்ச் சேர்ந்துட்டார், அதனால பீடி சுற்றுச்சூழலுக்கு உகந்ததுன்னு யாரும் கொடி பிடிக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயம் உண்டு. 2016-17 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல பெரியவங்கள்ல பீடி பிடிக்கிறவங்க 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். பீடியிலேருந்து சிகரெட்டுக்கு மாறுறது நம்ம ஊர்ல ஒரு 'முன்னேற்றம்'. எங்க வீட்டுலயே பாருங்க, தாத்தா பீடி, பேரன் கிங்ஸ் சைஸ்.

துண்டுக்கு மதிப்பு இருந்த காலமும் இருந்திருக்கு. 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைங்களைப் பத்தி எழுதின புத்தகத்துல, தெருவுல சுருட்டுத் துண்டு பொறுக்கி விக்கிறவங்களைத் தனித் தொழிலாவே சேர்த்திருக்கார். பாரிஸ்ல மோபேர் சதுக்கத்துல அதுக்குச் சந்தையே நடந்துது. பொறுக்கி, பிரிச்சு, மறுபடி உருட்டி வித்துடுவாங்க. 1880கள்ல ஜேம்ஸ் பான்சாக்கோட மெஷின் ஒரு நாளைக்கு லட்சத்துக்கும் மேல சிகரெட் உருட்ட ஆரம்பிச்ச பிறகு சரக்கு மலிஞ்சு போச்சு. ஃபில்டர் வந்ததும் மிச்சமாகறது புகையிலையே இல்லை, பொறுக்க எவன் வருவான்?

சரி, நம்ம ஊர் தெருவுக்கு இது எப்படி வந்துது? இதுல ஒரு நல்ல காரியத்தோட பக்க விளைவும் இருக்கு. 2008 அக்டோபர் 2ஆம் தேதியிலேருந்து இந்தியாவுல பொது இடத்துல புகைபிடிக்கத் தடை. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சரா இருந்தப்ப வந்தது. மத்தவன் புகையை நாம இழுக்க வேண்டியதில்லைங்கற அளவுல எனக்கு அந்தச் சட்டம் மேல மரியாதை உண்டு, தம்மடிச்ச காலத்துலயும் உண்டு. தடை உள்ள இடங்கள்ல ஆஷ்ட்ரே வைக்கக் கூடாதுன்னும் விதியில இருக்கு. அதுவும் சரிதான். ஆனா ஆபிஸுக்குள்ள ஆஷ்ட்ரேயில விழுந்துட்டு இருந்த துண்டெல்லாம் அதுக்கப்புறம் எங்க போச்சு? கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்துல, நடைபாதைக் கல் இடுக்குல. நான் வேலை பார்த்த ஒரு ஆபிஸ் வாசல்ல காலையில பெருக்கிற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. ஒரு நாள் டீ குடிக்கிறப்ப பார்த்தேன், குச்சியை வச்சு கல் சந்துல நோண்டிட்டு இருந்தாங்க.

"என்னக்கா தேடுறீங்க?"

"தேடலை தம்பி. இது வெளக்கமாத்துக்குச் சிக்காது. பேப்பர், கப்பு எல்லாம் வந்துரும். இது மட்டும் ஒண்ணொண்ணா நோண்டணும்."

என் கையில எரிஞ்சுக்கிட்டு இருந்ததை அவங்க பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. நான் அதை அணைச்சுக் கையிலயே வச்சுக்கிட்டு, ஆபிஸ் வரைக்கும் நடந்து போய்... வழியில கால்வாய் மூடி ஓட்டையில போட்டுட்டேன். உண்மையைச் சொல்லணும்ல? அப்போ அது பொறுப்பான செயல்னே நினைச்சேன். தெருவுல போடலையே!

மழைநீர்க் கால்வாய்ங்கறது சாக்கடை இல்லை மக்களே. சுத்திகரிப்பு எதுவும் கிடையாது, போட்டது போட்டபடி போய்ச் சேரும். பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கத்து மழைத்தண்ணி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகுது, அங்கேருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் பக்கம் கடல். 2022இல் ராம்சார் பட்டியல்ல சேர்த்த அதே பள்ளிக்கரணைதான். சனிக்கிழமை கேமராவும் கையுமா பறவை பார்க்கப் போவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அதே தண்ணிக்கு நான் அனுப்பிட்டு இருந்தது இது.

தண்ணியில போனா என்ன ஆகும்ங்கறதுக்கு 2011இல் அமெரிக்காவோட சான் டியாகோவுல செஞ்ச ஆராய்ச்சி இருக்கு. பிடிச்சு முடிச்ச துண்டை ஊற வச்ச தண்ணியில ரெண்டு வகை மீனை விட்டுப் பார்த்தாங்க, ஒண்ணு கடல் மீன், ஒண்ணு நன்னீர் மீன். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரே ஒரு துண்டு. நாலு நாள்ல பாதி மீன் செத்துப் போச்சு. புகையிலையே ஒட்டாத, பத்தவே வைக்காத புது ஃபில்டரும் மீனைக் கொன்னுது, என்ன, அதுக்கு எண்ணிக்கை கூட வேணும். பிடிச்ச ஃபில்டர்ல நிக்கோட்டின், ஈயம், காட்மியம், ஆர்செனிக்னு புகையில இருந்ததெல்லாம் தங்கியிருக்கு. நுரையீரலுக்குப் போகாம அது பிடிச்சு வச்ச கொஞ்ச நஞ்சத்தையும் தண்ணியில கரைச்சுடுது. வடிகட்டின காப்பித்தூளை மறுபடி கொதிக்க வச்ச மாதிரி.

1986இல் டெக்சாஸ் கடற்கரையில லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரான்னு ரெண்டு பெண்கள் குப்பையைச் சும்மா அள்ளாம, ஒவ்வொண்ணா எண்ணி எழுதி அள்ளலாம்னு ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. (எண்ணுற ஜாதி, நம்ம ஆளுங்க.) இப்ப அது உலகம் பூரா நடக்கற கடற்கரைத் துப்புரவு. அந்தப் பட்டியல்ல முப்பது வருஷத்துக்கும் மேல முதல் இடம் சிகரெட் துண்டுக்குத்தான். 2019 கணக்குலதான் முதல் தடவையா ரெண்டாம் இடத்துக்கு வந்துது. சந்தோஷப்படாதீங்க, அந்த ஒரே வருஷத்துல பொறுக்கினது மட்டும் 42 லட்சம். தின்பண்டக் காகிதம் அதைத் தாண்டிடுச்சு, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற மதிப்பீடு, வருஷத்துக்கு 4.5 லட்சம் கோடி துண்டு குப்பையா விழுது. ஒரு ஃபில்டர் 0.17 கிராம்னு வச்சாலும் 7.65 லட்சம் டன் வருது.

என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு அஞ்சு, ஆறு வருஷம். 10,950. எடையில ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அதுல 61 எங்க இருக்குன்னு தெரியும். மீதி 10,889?

குருவி கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். மெக்சிகோ சிட்டியில சிட்டுக்குருவியும் ஒரு வகை ஃபிஞ்ச் பறவையும் கூடு கட்டறப்ப சிகரெட் துண்டைப் பிரிச்சு உள்ளே மெத்தை போடுதுங்க. 2013இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பார்த்தா, துண்டு அதிகமா இருக்கிற கூட்டுல உண்ணி குறைவா இருக்கு. நிக்கோட்டின் பூச்சிக்கொல்லியாச்சே! பறவைங்களும் தெரிஞ்சேதான் செய்யுதுங்கன்னு அப்புறம் சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சாங்க, கூட்டுல உயிருள்ள உண்ணியை விட்டா ஃபிஞ்ச் இன்னும் கொஞ்சம் துண்டு பொறுக்கிட்டு வருது. புத்திசாலிக் குருவின்னு கைதட்டறதுக்குள்ள அடுத்த சேதி: துண்டு அதிகமா இருக்கிற கூட்டுப் பறவைகளோட ரத்த அணுக்கள்ல மரபணுச் சேதமும் அதிகம்.

கம்பெனிங்க என்ன செஞ்சுதுங்கறீங்களா? சுத்தம் சோறு போடும்னு நமக்குப் பாடம் எடுத்துச்சுங்க. அமெரிக்காவுல 1953இல் பாட்டில், டப்பா கம்பெனிங்க சேர்ந்து 'அமெரிக்காவை அழகா வைப்போம்'னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. 1971இல் குப்பையைப் பார்த்துச் செவ்விந்தியர் ஒருத்தர் கண்ணீர் விடற விளம்பரம் உலகப் பிரசித்தம் (அவரு நிஜத்துல இத்தாலிய வம்சாவளி நடிகர், அது தனிக்கதை). பின்னாளில் சிகரெட் கம்பெனிங்களும் அதுக்குப் பணம் கொடுத்தாங்க, சட்டைப்பை ஆஷ்ட்ரே இலவசமா கொடுத்தாங்க. குப்பை போடறவன்தான் குப்பைக்குப் பொறுப்பு, குப்பையைச் செய்யறவன் இல்லை. இந்த ஒத்தை வரி ரொம்ப நாள் தாங்கிச்சு.

இப்பத்தான் கொஞ்சம் ஆட்டம் காணுது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் சட்டத்துல ஃபில்டரையும் சேர்த்தாங்க. 2021 ஜூலையிலேருந்து அங்க பாக்கெட்டுல 'இதுல பிளாஸ்டிக் இருக்கு'ன்னு படத்தோட போட்டாகணும். தெருவுல விழுந்ததைப் பொறுக்கற செலவும் கம்பெனி தலையில. நம்ம ஊர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020இல் துண்டுகளை என்ன பண்றதுன்னு வழிகாட்டு நெறிமுறை வகுக்கச் சொல்லி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உத்தரவு போட்டுது. அப்புறம் 2022 ஜூலை 1ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துதே, அந்தப் பட்டியலை எடுத்துப் படிச்சேன். காது குடையற குச்சி, பலூன் குச்சி, குச்சி மிட்டாயோட குச்சி, ஸ்வீட் பாக்ஸ் மேல சுத்தற பிளாஸ்டிக் தாள், கல்யாணப் பத்திரிகை மேல சுத்தற தாள், சிகரெட் பாக்கெட் மேல சுத்தற தாள். சிகரெட் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உக்காந்தேன். வெளியே சுத்தற கண்ணாடித் தாளுக்குத் தடை. உள்ளே இருக்கிற பத்து ஃபில்டரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. பட்டியல் போட்டவருக்கும் அது பஞ்சுன்னே ஞாபகம் போல!

தொட்டிக்கு வர்றேன். 2019இல் இங்கிலாந்துல ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை செஞ்சாங்க. மண்ணுல சிகரெட் துண்டைக் கலந்து குளோவர் விதையும் புல் விதையும் போட்டாங்க. குளோவர் முளைக்கிறது 27 சதவீதம் குறைஞ்சுது, தண்டோட நீளம் 28 சதவீதம் குறைஞ்சுது. பிடிக்காத வெறும் ஃபில்டர் கலந்த மண்ணுலயும் பாதிப்பு இருந்தது. ரோஜாவை வச்சு அவங்க சோதிக்கலை. என் ரோஜாவைக் கொன்னது துண்டுதானா, பால்கனி வெயிலா, நான் தண்ணி ஊத்த மறந்ததான்னு என்னால சொல்ல முடியாது. ஒரு தொட்டி, ஒரு செடி, இது டேட்டா இல்லை. அம்மாவைக் கேட்டா சென்னை போர் தண்ணி உப்புன்னு சொல்வாங்க. செடி செத்த அன்னிக்கு போன்ல நான்தான் அப்படிச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் மெட்ராஸ் தண்ணியைத் திட்டிட்டு இருக்காங்க.

அந்த 61ஐயும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டுப் புது வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். தரம் பிரிச்சுக் குப்பை வாங்க வர்ற அக்காகிட்ட ரெண்டாம் நாள் காட்டினேன். மக்கும் குப்பையா, மக்காத குப்பையா, அபாயக் குப்பையா, எதுலக்கா போடறதுன்னு கேட்டேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"இதப் போய் யாரு தம்பி சேர்த்து வச்சுக் குடுக்கறாங்க?"ன்னாங்க. அப்புறம், "எதுல வேணா போடு, எல்லாம் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோதான் போவுது"ன்னு சிரிச்சாங்க.

போடலை. பாட்டில் சமையலறை ஜன்னல்லயே இருக்கு. அடுத்த வாரம் அம்மா வர்றாங்க. புதுசா ஒரு ரோஜாப் பதியன் கொண்டு வர்றேன்னு நேத்து போன்ல சொன்னாங்க. இந்தத் தண்ணி எப்படின்னும் கேட்டாங்க.